ஸ்பூல் டேப் ரிக்கார்டர்: புதிதாகக் கையில் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆரணி என்று பழைய வட ஆற்காடு பக்கத்து வீடுகளில் பரணைச் சுத்தம் செய்யும்போது ஸ்பூல் டேப் ரிக்கார்டர்கள், அதாவது திறந்த சுருளில் சுற்றிய டேப்பில் ஒலியைப் பதியும் பழைய மெஷின்கள், இன்னும் அவ்வப்போது இறங்கி வருகின்றன. கூடவே ஒரு அட்டைப்பெட்டியில் சில ஸ்பூல்கள். மேலே பேனாவில் 'சித்தி கல்யாணம்', 'திரௌபதி அம்மன் கோயில் கூத்து' என்று ஏதாவது எழுதியிருக்கும். மெஷினை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம், அந்த டேப் போனால் போனதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவை.

இப்போதுதான் பரணிலிருந்து இறக்கினேன். பிளக் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். பல வருஷம் கரண்ட் பார்க்காத மெஷின் அது. உள்ளே எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்கள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கலாம். ஒயரின் ரப்பர் உறை தொட்டாலே உதிரலாம். எலி கடித்திருக்கலாம், பல்லி முட்டை வைத்திருக்கலாம். பிளக்கை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பாருங்கள். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும்.

அப்புறம் சீரீஸ் பல்பு. பழைய எலக்ட்ரீஷியன்களிடம் சீரீஸ் போர்டு இருக்கும். 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் மெஷினுக்குக் கரண்ட் போகும். ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உடனே அணையுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு வழியாக ஓடும்போது மோட்டார் சோம்பலாகச் சுற்றும், சில சமயம் சுற்றவே சுற்றாது. அதை வைத்து மோட்டார் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

பச்சையாக ஒளிரும் மேஜிக் ஐ (சத்தத்தின் அளவைக் காட்டும் சிறு கண்ணாடிக் குழல்) உள்ள மெஷின் என்றால் அது பெரும்பாலும் வால்வு செட். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது நிற்கும். வால்வு ரேடியோவில் கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம். ஊரில் பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இருப்பார், அவரிடம் கொண்டுபோங்கள்.

இன்னும் மெஷின் வாங்கவில்லை. எந்த மாடல் நல்லது?

முதலில் கையில் என்ன டேப் இருக்கிறது என்று பாருங்கள், மெஷின் அப்புறம். வீட்டில் பதிவு செய்த டேப் என்றால் பெரும்பாலும் 5 அல்லது 7 அங்குல ஸ்பூலாக, விநாடிக்கு 3¾ அங்குல வேகத்தில் இருக்கும். அதற்கு 1970களில் வந்த அகாய் 4000டிஎஸ் மாதிரி, 7 அங்குல ஸ்பூல் ஏறும் நான்கு டிராக் (டேப்பின் அகலத்தை நான்கு கோடாகப் பிரித்துப் படிக்கும்) மெஷின் போதும். ஒரே மோட்டார், பெல்ட், லீவர் என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ள அதுதான் வசதி. ரேவாக்ஸ் ஏ77 அருமையான மெஷின், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் இரண்டு டிராக் வகையும் உண்டு, நான்கு டிராக் வகையும் உண்டு. எது என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 10½ அங்குல ஸ்பூல் ஏறும் பெரிய மெஷின்கள் கண்ணுக்கு அழகுதான், ஆனால் முதல் மெஷினாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நேரில் பார்க்கும்போது ஹெட்டின், அதாவது டேப்பைத் தொட்டுப் பதிவைப் படிக்கும் காந்தத் தலையின், முகத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். டேப் ஓடிய தடத்தில் நகம் தட்டி நின்றால் ஹெட் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. அகாயின் ஜிஎக்ஸ் வரிசையில் வரும் கண்ணாடி, ஃபெரைட் ஹெட்டுகள் சாதாரணமாகத் தேயாது. பிஞ்ச் ரோலர், அதாவது டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்கும் கேப்ஸ்டன் தண்டோடு அதை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை, பளபளவென்று கல்லாக இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். காலி ஸ்பூல் ஒன்று கூடவே கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் ஓட்ட முடியாது. விற்பவர் 'நல்லா ஓடுது' என்றால், மோட்டார் சுற்றுகிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த மெஷின். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டேன். இப்போது சரிதானே?

பாதி சரி. அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும். அதை நீங்கள் தடுத்துவிட்டீர்கள். ஆனால் அங்கே கரண்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது.

பல மெஷின்களில் கேப்ஸ்டனைச் சுற்றுவது சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகம் ஹெர்ட்ஸோடு கட்டுப்பட்டது. 60க்குச் செய்த மோட்டார் 50இல் ஓடினால் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும், அதாவது சுமார் 17 சதவீதம் மெதுவாக. சுருதி மூன்று அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே இறங்கிவிடும். பெண் குரல் ஆண் குரல் மாதிரி கேட்கும். இதைக் கேட்டுவிட்டு டேப் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

தீர்வு மெஷினைப் பொறுத்தது. சிலவற்றில் பின்புறம் 50/60 ஸ்விட்ச் இருக்கும். சிலவற்றில் மோட்டார் புல்லியில் இரண்டு அளவு படி இருக்கும், பெல்ட்டைப் பெரிய படிக்கு மாற்றினால் போதும். சிலவற்றில் புல்லியையே மாற்ற வேண்டும். ரேவாக்ஸ் ஏ77 மாதிரி எலக்ட்ரானிக் முறையில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜப்பானிய மெஷினாக இருந்தால் பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஜப்பானுக்குள் விற்றவை 100 வோல்ட்.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு பழைய, வேண்டாத டேப்பில் தையல்காரர் டேப்பால் 37½ அடி அளந்து இரண்டு முனையிலும் மார்க்கர் பேனாவால் பின்பக்கம் கோடு போடுங்கள். 7½ வேகத்தில் அந்தத் தூரம் சரியாக ஒரு நிமிடத்தில் ஹெட்டைக் கடக்க வேண்டும். செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது, வேறு கருவி தேவையில்லை.

இன்வெர்ட்டர் கரண்டில் ஓட்டலாமா?

சதுர அலை இன்வெர்ட்டரில் வேண்டாம். மோட்டார் உறுமும், சூடாகும், ஸ்பீக்கரில் இரைச்சல் வரும். கரண்ட் வரும்வரை காத்திருங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஒரு ஸ்டெபிலைசர் போடுவது நல்லது.

ஹெட்டை எதால் துடைப்பது?

ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 99 சதவீதம். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரில் வரிசையாக மருந்துக்கடைகள் இருக்கின்றனவே என்று அங்கே போய் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி வராதீர்கள். அதில் தோலுக்காக எண்ணெய் மாதிரி வேறு சரக்கும் கலந்திருக்கலாம், அது ஹெட்டில் படலமாக நிற்கும். சானிடைசரும் அப்படித்தான்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து ஹெட், டேப் தொடும் கைடு, கேப்ஸ்டன் தண்டு எல்லாவற்றையும் துடையுங்கள். குச்சி பழுப்பாக வரும். அது டேப்பிலிருந்து உதிர்ந்த இரும்பு ஆக்சைடு. வெள்ளையாக வரும்வரை குச்சி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹால் வேண்டாம், ரப்பரை நாளடைவில் வறட்டிவிடும். லேசான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள்.

ஒவ்வொரு ஸ்பூலுக்கும் முன்னால் இதைச் செய்வது என் வழக்கம். பழைய டேப்புகளுக்கு அது அதிகம் இல்லை. சத்தம் மங்கலாக வருகிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரு பஞ்சுக் குச்சியோடு முடிந்துவிடும்.

டீமேக்னடைசர் கட்டாயம் வேண்டுமா?

ஹெட்டில் ஏறிய காந்தத்தை எடுக்கும் கருவி அது. இருந்தால் நல்லது, அவசரமில்லை. பயன்படுத்தினால் மெஷின் அணைந்திருக்க வேண்டும், டேப்புகள் வேறு அறையில் இருக்க வேண்டும். கருவியைத் தூரத்தில் வைத்தே ஆன் செய்து, ஹெட்டுக்கு அருகே கொண்டுபோய், மெதுவாகப் பின்னால் இழுத்து, ஒரு கை நீளம் வந்த பிறகே அணைக்க வேண்டும். ஹெட்டுக்குப் பக்கத்தில் வைத்து அணைத்தால் இல்லாத காந்தத்தை நீங்களே ஏற்றிவிடுவீர்கள்.

பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது. எங்கே கிடைக்கும்?

உருகிய பெல்ட்டை முதலில் கையுறை போட்டுக்கொண்டு ஐபிஏவால் துடைத்து எடுங்கள். விரலில் பட்டால் அந்தக் கறுப்பு லேசில் போகாது, பக்கத்தில் இருக்கும் சுவரிலும் ஒட்டும். புல்லிகளில் துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. பிறகு பெல்ட் ஓட வேண்டிய பாதையில் ஒரு நூலைச் சுற்றி நீளம் எடுத்து, அதைவிடச் சுமார் 5 சதவீதம் சிறியதாக வாங்குங்கள். தட்டை பெல்ட்டா, சதுர பெல்ட்டா என்பதும் முக்கியம். மாடல் எண்ணைச் சொல்லி ஆன்லைனில் வரவழைக்கலாம். கையில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டுமென்றால் காட்பாடியில் ரயிலேறி எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் தேடிப் பாருங்கள். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைப் போட்டுப் பார்க்காதீர்கள், குரல் நெளியும்.

எண்ணெய் எங்கே விடுவது?

கேப்ஸ்டன் பேரிங், மோட்டார் பேரிங். ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சொட்டு, தையல் மெஷின் எண்ணெய் போதும். ரப்பர், பெல்ட், பிரேக் பட்டை எதிலும் படக் கூடாது. தேங்காய் எண்ணெய் விட்ட மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். அது கொஞ்ச நாளில் பிசினாகி, சுற்ற வேண்டியதை ஒட்டவைத்துவிடும். துரு போக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்கு மாற்று இல்லை.

டேப்பைக் கோத்துவிட்டேன். பிளே போட்டால் ஸ்பூல் அசையவே இல்லை.

பயப்படாதீர்கள். பல மெஷின்களில் டேப் தீர்ந்ததும் தானாக நிற்பதற்கு ஒரு சிறு கை இருக்கும். டேப் இழுவிசையில் அந்தக் கை மேலே நின்றால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். வலது ஸ்பூலை விரலால் சுற்றித் தொய்வை எடுங்கள், பெரும்பாலும் ஓடிவிடும்.

கோக்கும் பக்கமும் முக்கியம். மங்கலான பழுப்புப் பக்கம் ஹெட்டைப் பார்க்க வேண்டும், பளபளப்பான பக்கம் வெளியே. சில ஸ்டூடியோ டேப்புகளில் பின்பக்கமும் கறுப்பாக மங்கலாக இருக்கும், அங்கே ஏமாறாதீர்கள். திருப்பிக் கோத்தால் சத்தம் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல வரும்.

இன்னொன்று. கேசட்டில் பதிவு அழியாமல் இருக்க உடைத்துவிடும் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு உண்டு, ஸ்பூலில் அப்படி எதுவும் இல்லை. ரிக்கார்டு பட்டன் அழுந்திவிட்டால் அழிந்ததுதான். முதலில் எப்போதும் வேண்டாத டேப்பைப் போட்டு மெஷினை முழுதாக ஓட்டிப் பாருங்கள். முன்னும் பின்னும் வேகமாக ஓட்டி, நிறுத்தி, பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே வீட்டு டேப்.

ஒரு ஸ்பீக்கரில் பேச்சு நேராக வருகிறது, இன்னொன்றில் தலைகீழாக வருகிறது. ஏன்?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்குச் சந்தோஷம், ஏனென்றால் டேப்பும் மெஷினும் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கால் அங்குல அகல டேப்பை வீட்டு மோனோ மெஷின்கள் பெரும்பாலும் இரண்டாகப் பிரித்தன. மேல் பாதியில் ஒரு பக்கம், ஸ்பூலைத் திருப்பிப் போட்டதும் கீழ்ப் பாதியில் மறுபக்கம், எதிர்த்திசையில். நான்கு டிராக் ஸ்டீரியோ மெஷினோ டேப்பை நான்கு கோடாகப் பிரித்து 1, 3 ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. 1ஆம் கோடு மேல் பாதியில் விழுகிறது, 3ஆம் கோடு கீழ்ப் பாதியில். அதனால் இடது காதில் கல்யாண மேளம் நேராக, வலது காதில் மறுபக்கப் பதிவு பின்னிருந்து முன்னாக.

இடது சேனலை மட்டும் கேளுங்கள், தீர்ந்தது. கம்ப்யூட்டரில் ஏற்றுவதாக இருந்தால் இதுவே லாபம். இரண்டு சேனலையும் ஒரே ஓட்டத்தில் பதிந்து, வலது சேனலை மட்டும் மென்பொருளில் தலைகீழாக்கிவிட்டால் டேப்பின் இரண்டு பக்கமும் ஒரு முறை ஓட்டியதிலேயே வந்துவிடும். நைந்த டேப்புக்கு ஒரு ஓட்டம் மிச்சம்.

எந்த வேகத்தில் பதிந்தது என்று எப்படித் தெரியும்?

காதுதான். வீட்டு மெஷின்களின் வேகங்கள் விநாடிக்கு 7½, 3¾, 1⅞ அங்குலம், ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. தவறான வேகத்தில் ஒன்று எலி மாதிரி கீச்சிடும் அல்லது பூதம் மாதிரி இழுக்கும், குழப்பமே வராது.

7 அங்குல ஸ்பூலில் 1200 அடி டேப் இருந்தால் 7½ வேகத்தில் 32 நிமிடம், 3¾இல் 64 நிமிடம். மெல்லிய டேப்பாக 1800 அடி இருந்தால் 3¾இல் 96 நிமிடம். நம் பக்கத்துத் தெருக்கூத்து விடிய விடிய நடப்பது. அதைப் பதிய உட்கார்ந்தவர் டேப்பை மிச்சம் பிடிக்க 1⅞இல் ஓட்டியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் மெஷினில் அந்த வேகம் இல்லையென்றால் 3¾இல் ஓட்டிக் கம்ப்யூட்டரில் பதிந்து, பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைக்கலாம். கூர்மை கொஞ்சம் கூடக்குறைய வரும், காதால் சரிசெய்துகொள்ளுங்கள்.

டேப் நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஓட்டாமலே தெரியுமா?

ஓரளவு தெரியும். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றிய டேப்புக்குள் வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட், பழையது. கறுப்பாக மறைத்தால் பாலியெஸ்டர். அசிடேட் காய்ந்து பட்டென்று ஒடியும், ஆனால் ஒடிந்த இடத்தைச் சுத்தமாக ஒட்டலாம். பாலியெஸ்டர் ஒடியாமல் நீளும், நீண்ட இடத்தில் பதிவு போய்விடும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் அசிடேட் சிதையத் தொடங்கியிருக்கிறது. அதை மற்ற டேப்புகளிலிருந்து பிரித்து, எல்லாவற்றுக்கும் முன்னால் பதிந்து வையுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் முகக்கவசம் போடாமல் கிட்டே போகாதீர்கள், நல்ல மெஷினில் ஏற்றாதீர்கள்.

ஓட்டும்போது கீச்சென்று கத்தி, ஹெட்டில் பிசுபிசுப்பாகப் பழுப்புக் களிம்பு சேர்ந்தால் உடனே நிறுத்துங்கள். ஆக்சைடை ஒட்டிவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகியிருக்கிறது. 1970களின் பின்பாதி முதல் வந்த, பின்பக்கக் கறுப்புப் பூச்சுள்ள டேப்புகளுக்கு வரும் நோய் இது. ஆம்பெக்ஸ் 456 இதில் பேர்போனது. பூச்சில்லாத வீட்டு டேப்புகளுக்கு அரிதாகத்தான் வரும்.

அதற்கு டேப்பைச் சூடு காட்டுவார்களாமே? வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் போதாதா?

போதாது, கூடாது. சூடு காட்டுவது உண்மைதான். சுமார் 54 டிகிரி செல்சியஸில், ஏறாமல் இறங்காமல், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ. காய்கறி உலர்த்தும் டீஹைட்ரேட்டரில் தெர்மாமீட்டர் வைத்துச் செய்வார்கள். அதுவும் சில வாரங்களுக்குத்தான் தாங்கும், அதற்குள் பதிந்துகொள்ள வேண்டும். மொட்டை மாடியில் சூடு எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது, ஸ்பூல் வளையும். அசிடேட் டேப்பை எந்தக் காரணத்துக்காகவும் சூடு காட்டக் கூடாது. முதல் முறையாகச் செய்பவர், தொலைந்தாலும் பரவாயில்லை என்ற டேப்பில்தான் செய்ய வேண்டும்.

அப்படியானால் இந்த ஊரில் டேப்பை எங்கே வைப்பது?

சுற்றிலும் பாறைக் குன்று, மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். காங்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கும் பரண்தான் வீட்டிலேயே மோசமான இடம். நம் வீடுகளில் டேப் இருப்பதோ எப்போதும் அங்கேதான். கீழ்த்தளத்தில், வெயில் படாத உள்சுவரை ஒட்டிய பீரோவின் நடுத்தட்டு நல்லது. பெட்டிக்குள் போட்டு, புத்தகம் மாதிரி நிற்கவைக்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். அந்துருண்டை வேண்டாம், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது.

கேட்டு முடித்ததும் வேகமாகப் பின்சுற்றி வைக்காமல், பிளேயில் ஓடி முடிந்தபடியே வைத்துவிடுங்கள். சுற்று சீராக இருக்கும். ஒரு அடுக்கின் பதிவு அடுத்த அடுக்கில் லேசாகப் பதிந்து எதிரொலிக்கும் பிரச்சினையும், அப்படி வைத்தால் குரலுக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து மறைந்துவிடும்.

டேப் அறுந்துவிட்டது. செல்லோ டேப் போடலாமா?

கூடாது. அதன் பசை கசிந்து பக்கத்து அடுக்கையும் ஹெட்டையும் பிடிக்கும். இதற்கென்று ஸ்ப்ளைசிங் டேப் உண்டு. இரு முனைகளையும் 45 டிகிரி சாய்வாகப் புது பிளேடால் வெட்டி, இடைவெளியோ மேலடுக்கோ இல்லாமல் சேர்த்து, பளபளப்பான பின்பக்கத்தில் ஒட்டுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்ற என்ன வேண்டும்?

மெஷினின் லைன் அவுட் (சத்தத்தை வெளியே எடுக்கும் சாக்கெட்), அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள். பழைய ஜெர்மன் செட்டில் ஐந்து முள் டின் சாக்கெட் இருக்கும், அதற்கு டின்னிலிருந்து ஆர்சிஏவுக்கு மாறும் ஒயர் வாங்குங்கள். லேப்டாப்பின் மைக் ஓட்டையில் சொருகினால் சத்தம் பிளந்து வரும். 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம். இரைச்சல் நீக்கும் பட்டனை மூலக் கோப்பில் தொடவே தொடாதீர்கள், வேண்டுமானால் ஒரு நகலில் விளையாடுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த ஊர், என்ன விசேஷம் என்று வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு, கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

புதிதாகப் பதிவு செய்ய டேப் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. பிரான்சில் ரிக்கார்டிங் தி மாஸ்டர்ஸ், அமெரிக்காவில் ஏடிஆர் மேக்னடிக்ஸ் இன்னும் தயாரிக்கிறார்கள். வீட்டு மெஷினுக்கு எல்பிஆர்35 போன்ற 35 மைக்ரான் டேப் பொருந்தும். வரவழைக்கச் செலவு அதிகம். மெஷினின் பயாஸை, அதாவது பதியும்போது ஒலியோடு சேர்த்துக் கொடுக்கும் உயர் அதிர்வெண் கரண்டை, அந்த டேப்புக்கு ஏற்பச் சரிசெய்யாமல் பதிந்தால் அந்தக் காசுக்கான சத்தம் வராது. அதற்கு அளவுக் கருவியும், ஏற்கனவே செய்து பழகியவரும் வேண்டும். வீட்டு டேப்புகளைப் பதிந்து முடித்த பிறகு அந்தப் பக்கம் போகலாம்.